கம்பளித் திருவிழாவில் நூல் வாங்குவது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போய்வந்த நாளிலிருந்து, உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் பின்ன வரும் பெண்கள் ஒரே கேள்விகளைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போகப்போகிறவர்களும் கேட்கிறார்கள். போகிறவர்களிடம் சொல்லிவிட நினைப்பவர்களும் கேட்கிறார்கள். நாற்பது வருடம் தையல் படிப்பித்த வாய் ஓயாதுதான், ஆனால் எழுதி வைத்தால் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

ரீச்சர், கம்பளித் திருவிழா என்றால் என்ன? கோயில் திருவிழா மாதிரியா?

தேரும் தீர்த்தமும் இல்லை. மற்றதெல்லாம் உண்டு: சனம், வரிசை, ஐஸ்கிரீம், காலுளைவு, தொலைந்து போன பிள்ளையைத் தேடும் தாய். ஒரு பெரிய கண்காட்சி மைதானத்திலோ ஆட்டுச் சந்தைக் கொட்டகையிலோ ஆடு வளர்ப்பவர், நூல் நூற்பவர், சாயம் தோய்ப்பவர், ஊசி செய்பவர் எல்லோரும் ஒன்று அல்லது இரண்டு நாளைக்குக் கடை போடுகிறார்கள். ஒரு பக்கம் ஆடுகளையே பட்டியில் நிறுத்தியிருப்பார்கள். அமெரிக்காவின் மேரிலாண்ட் திருவிழாவில் ஒரு போட்டி நடக்கும்: குழுக்களாக உட்கார்ந்து, வெட்டிய ஆட்டுக் கம்பளியை அங்கேயே நூற்று, நெய்து, சில மணித்தியாலங்களுக்குள் சால்வையாக்கிக் காட்ட வேண்டும்.

சாதாரணக் கடையில் நூலுறையைத்தான் பார்க்கிறோம். இங்கே அந்த ஆட்டை வளர்த்தவரே மேசைக்குப் பின்னால் நிற்கிறார். கேட்டால் ஆட்டின் குணம்வரை சொல்வார்.

எங்கே, எந்த மாதம்?

பயணச்சீட்டு எடுக்கும்போது கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். பிரித்தானியாவில், வேல்ஸின் பில்த் வெல்ஸில் ஏப்ரலில் வொண்டர்வூல். கம்பிரியாவின் கொக்கர்மவுத்தில் ஜூனில் வூல்ஃபெஸ்ட். ஷெட்லாந்துத் தீவுகளில் செப்டெம்பர் கடைசியில் தொடங்கும் கம்பளி வாரம். அமெரிக்காவில் மேரிலாண்ட் மே மாதத்தின் முதல் வார இறுதியில், நியூயோர்க் மாநிலத்து ரைன்பெக் ஒக்டோபரின் மூன்றாம் வார இறுதியில். கனடாவில் உறவு உள்ளவர்களுக்கு ஒன்ராறியோவின் வுட்ஸ்டொக்கில் ஒக்டோபரில் ஒன்று உண்டு. அவுஸ்திரேலியாவில் பெண்டிகோ, ஜூலையில். அங்கே அது நடுக் குளிர்காலம், சுவெற்றர் கொண்டுபோங்கள். நாட்கள் வருடத்துக்கு வருடம் நகரும், ஆகவே அந்த வருடத்து அறிவிப்பைப் பார்த்துவிட்டே மகளிடமோ மருமகனிடமோ லீவு கேளுங்கள்.

இந்த வெயிலில் கம்பளி எதற்கு?

இந்தக் கேள்வியை என் கணவர் முதலில் கேட்டார். கச்சான் காற்று அனலாய் வீசும் ஆடி மாதத்தில், மடியில் கம்பளியை வைத்துக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே நான் வியர்த்துக்கொண்டிருந்தபோது. நியாயமான கேள்விதான்.

நாங்கள் பின்னுவது பெரும்பாலும் எங்களுக்காக அல்ல. ரொறன்ரோவில் பிறந்த பேரப்பிள்ளைக்கு, லண்டனில் பனிக்காலத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் மருமகளுக்கு, நுவரெலியாவில் ஆசிரியை வேலை கிடைத்துப் போன பெறாமகளுக்கு. எங்களுக்கென்று சொன்னால், கொழும்புக்குப் போகும் இரவுநேரக் குளிரூட்டிய பஸ் ஒன்று இருக்கிறது. அந்தக் குளிரை அனுபவித்தவர்கள் என் சால்வையைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

ஆகவே நூலைத் தொட முன்னர் ஒரு கேள்வி: இது எந்த ஊரில், யாருடைய உடம்பில் கிடக்கப் போகிறது? இந்த ஊரிலேயே கிடக்கப் போகிறதென்றால் பருத்தியோ, பருத்தியோடு ஆளிச் செடியின் நாரான லினன் கலந்ததோ வாங்குங்கள். திருவிழாவில் அவையும் இருக்கின்றன, யாரும் முண்டியடிப்பதில்லை.

எவ்வளவு வாங்க வேண்டும்?

எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிராமைப் பார்க்காதீர்கள், மீற்றரைப் பாருங்கள். நூறு கிராம் என்று எழுதிய இரண்டு சிட்டங்களில் (வளையமாகச் சுற்றி முறுக்கிய நூற்கட்டு) ஒன்று எண்ணூறு மீற்றர் ஓடும், மற்றது நூற்றெழுபது மீற்றரில் முடிந்துவிடும். றேந்தை பின்னும் மெல்லிய நூல் 100 கிராமுக்கு ஏறக்குறைய 800 மீற்றர். காலுறைக்குப் போகும் ‘நான்கு புரி’ 400 மீற்றர். அதைவிடத் தடித்த, ‘டிகே’ என்று எழுதியிருப்பது 200 முதல் 230 வரை. இன்னும் தடித்த ‘அரான்’ 160 முதல் 180 வரை. அமெரிக்காவில் யாரில் எழுதுவார்கள். 437 யார் என்றால் அதுவும் 400 மீற்றர்தான்.

‘புரி’ என்ற சொல்லும் ஏமாற்றும். ஒரு காலத்தில் எத்தனை இழைகளைச் சேர்த்து முறுக்கினார்கள் என்பதைக் குறித்த சொல், இப்போது தடிப்பைக் குறிக்கும் பெயராகிவிட்டது. நான்கு புரி என்று விற்கும் நூலைப் பிரித்துப் பார்த்தால் சிலவேளை இரண்டு இழைதான் இருக்கும், சிலவேளை ஒன்றே ஒன்று. அவுஸ்திரேலியாவிலிருந்து தங்கை ‘எட்டுப் புரி’ அனுப்புகிறேன் என்றால் பயப்பட வேண்டாம், கயிறு வராது. அங்கே எட்டுப் புரி என்பது இங்கிலாந்துக்காரரின் டிகே.

இனி அளவு. பெரியவரின் ஒரு சோடிக் காலுறைக்கு நான்கு புரியில் 100 கிராம். ஒரு சால்வைக்கு 400 முதல் 800 மீற்றர் வரை, அகலத்தைப் பொறுத்து. நடுத்தர உடம்புள்ள பெண்ணுக்கு முழுக்கைச் சுவெற்றர் டிகேயில் என்றால் 1,100 முதல் 1,300 மீற்றர், அதாவது ஐந்தாறு சிட்டம். பிறந்த குழந்தையின் சட்டைக்கு டிகேயில் 300, 400 மீற்றர் போதும். எப்படிப் பின்னுவது என்று சொல்லும் வடிவக்குறிப்பு கையில் இருந்தால் அதில் சொன்னதற்கு மேல் ஒரு சிட்டம் கூட்டி வாங்குங்கள். உப்புவெளியில் உட்கார்ந்துகொண்டு கொக்கர்மவுத் கடைக்காரரை எங்கே தேடுவது?

குறிப்பு எதுவும் கையில் இல்லாமல், அழகுக்காக மட்டும் ஒற்றைச் சிட்டம் வாங்கினால் அது அலுமாரியில் அநாதையாகக் கிடக்கும். என்னிடம் பதினேழு அநாதைகள் இருக்கின்றன.

எந்த ஆட்டின் நூல் நல்லது?

‘நல்லது’ என்று ஒன்று இல்லை. எதற்கு நல்லது என்று கேளுங்கள்.

மெரினோ மென்மைக்குப் பேர் போனது. அதன் இழை 24 மைக்ரோனுக்கும் மெல்லியது (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எங்கள் தலைமயிர் ஏறக்குறைய 70. குழந்தையின் கழுத்துக்கும் கன்னத்துக்கும் அதைவிட இதமானது குறைவு. ஆனால் மென்மையான நூல் உரசினால் உருண்டை உருண்டையாகப் பொங்கும். முழங்கையும் அக்குளும் முதலில் போகும். தவிர, மெரினோ உலகத்தின் எந்த நூல்கடையிலும் இருக்கிறது. அதற்காகத் திருவிழாவுக்குப் போவது, மீன் வாங்க உள்துறைமுகக் கரைக்குப் போய் ரின்மீன் வாங்கி வருவது போல.

நான் அங்கே தேடுவது வேறு. புளூஃபேஸ்ட் லெஸ்டர் என்ற ஆட்டின் நூல், நீண்ட இழை, பட்டுப்போன்ற மினுக்கம், மெரினோவைவிட உழைக்கும். சால்வைக்கு அதுதான் என் முதல் தெரிவு. ஷெட்லாந்து நூல் சற்றே சுணைக்கும், ஆனால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பல நிறப் பூ வேலைக்கு அதுபோல வேறில்லை. வெள்ளை, சாம்பல், கபிலம் என்று சாயமே படாத ஆட்டு நிறங்களில் கிடைக்கும். ஹெர்ட்விக் ஆட்டைப் பார்த்தால் ஆசையாக இருக்கும்: குட்டி கறுப்பாகப் பிறந்து, வளர வளர நரைக்கும், முகமும் காலும் வெள்ளை. அந்த ஆசையில் நூலை வாங்கிவிடாதீர்கள். தும்புக்கட்டையால் உடம்பு தேய்ப்பது போல இருக்கும். பைக்கும் கம்பளத்துக்கும் சரி.

தொட்டுப் பார்க்கும்போது விரலை நம்ப வேண்டாம். மீன் வெட்டித் தேங்காய் திருவிய விரலுக்கு எல்லாம் மென்மைதான். கழுத்தோரம் வைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். கடைக்காரர் கோபிக்க மாட்டார், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். சில நூல்கள் எண்ணெய்ப் பசையோடு நூற்கப்பட்டிருக்கும்; கடையில் விறைப்பாக, மங்கலாகத் தெரியும், பின்னித் துவைத்ததும் பூத்து வரும். அதை விற்பவரிடம் ஏற்கெனவே துவைத்த மாதிரித் துண்டு இருக்கும், கேட்டு வாங்கித் தொடுங்கள்.

எங்கள் ஊர்ச் செம்மறியில் நூல் எடுக்க முடியாதா?

முடியாது. யாழ்ப்பாணச் செம்மறி என்று சொல்லும் இனத்துக்கு உடம்பில் இருப்பது கம்பளி அல்ல, மயிர். இறைச்சிக்காக வளர்ப்பது. தமிழ் பேசும் நிலத்தில் நல்ல மென்கம்பளி தரும் ஆடு என்றால் ஊட்டிப் பக்கத்து நீலகிரி ஆடு. உள்ளூர் ஆட்டோடு மெரினோ முதலிய சீமை ஆடுகளைக் கலந்து உண்டான இனம், மேடும் குளிரும் இருந்ததால் நிலைத்தது.

‘சூப்பர்வாஷ்’ என்று எழுதியிருக்கிறதே?

கம்பளி இழையில் மீன் செதில் போலச் சிறு செதில்கள் உண்டு. சூடும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டி, துணி சுருங்கிக் கட்டியாகிவிடும். சூப்பர்வாஷில் அந்தச் செதிலைக் குளோரினால் தணித்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு ஒன்றும் கொடுக்கிறார்கள். இயந்திரத்தில் போட்டுத் துவைக்கலாம். சாயமும் பளிச்சென்று ஏறும், அதனால்தான் கைச்சாய நூல்கள் பெரும்பாலும் சூப்பர்வாஷாகவே இருக்கின்றன.

வெளிநாட்டில் வேலைக்கும் போய்க்கொண்டு கைக்குழந்தையும் வைத்திருக்கும் பெண்ணுக்குப் பின்னுவதென்றால் சூப்பர்வாஷ்தான் வாங்க வேண்டும். கையால் துவைக்கும் சட்டையைப் பரிசாகக் கொடுப்பது அவளுக்கு இன்னொரு வேலை கொடுப்பது. ஆனால் சூப்பர்வாஷ் நனைந்தால் நீளும். சிறு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, காய்ந்த பின்னர் அளந்துவிட்டுத் தொடங்குங்கள்.

எங்களுக்கு நாங்களே பின்னுவதென்றால் சாதாரணக் கம்பளியே போதும். கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, கசக்காமல் துவாயில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் தட்டையாக விரித்தால் ஒன்றும் ஆகாது. கன்னியா வெந்நீரூற்றில் கொண்டுபோய்த் தோய்க்காதவரை.

கைச்சாய நூலில் எதைக் கவனிப்பது?

முதலில், கொட்டகை வெளிச்சத்தை நம்பாதீர்கள். மஞ்சள் விளக்கின் கீழ் குங்குமச் சிவப்பாகத் தெரிந்தது வெளியே செங்கல் நிறமாக இருக்கும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

அடுத்தது, ஒரே பாத்திரத்தில் தோய்த்தவையா என்று கேளுங்கள். ஒரே பெயர் எழுதியிருந்தாலும் வேறு வேறு நாளில் தோய்த்தவை ஒன்றுபோல இருக்காது. நான் ஒருமுறை கடல்நீல நிறத்தில் ஐந்து சிட்டம் வாங்கினேன். நான்கு நிலாவெளிக் கடல், ஐந்தாவது மாரிகாலத்துக் கடல். வலது கை மட்டும் கருத்த சுவெற்றர் ஒன்று என் மகளிடம் இன்றும் இருக்கிறது. அப்படி மாட்டிக்கொண்டால் இரண்டு வரிசைக்கு ஒருமுறை சிட்டத்தை மாற்றி மாற்றிப் பின்னுங்கள், வித்தியாசம் கலைந்துபோகும். அந்தப் புத்தி எனக்கு அப்போது வரவில்லை.

சிவப்பும் கருநீலமும் சாயம் கழற்றும். ஈரமான வெள்ளைக் கைலேஞ்சியால் ஒரு நுனியைத் தேய்த்துப் பாருங்கள். அதை வெள்ளையோடு சேர்த்துப் பின்ன நினைத்திருந்தால் அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிடுங்கள்.

பேரம் பேசலாமா?

கூடாது. ஒரு சிட்டம் இருபது பவுணுக்கு மேல் என்று கேட்டதும் நெஞ்சு திக்கென்னும், தெரியும். ஆனால் அதைச் செய்தவர் எதிரே நிற்கிறார். விலை ஒத்துவராவிட்டால் புன்னகைத்துவிட்டு நகருங்கள். சிறு சிட்டங்களும் குறைபட்ட நூலும் ஒரு கூடையில் மலிவாகக் கிடக்கும், அதைக் கிளறலாம். கையில் காசும் வைத்திருங்கள். மைதானங்கள் ஊருக்கு வெளியே, அட்டை இயந்திரத்துக்குச் சிலவேளை சிக்னல் கிடைக்காது.

அக்கிரிலிக் மட்டமான நூலா?

இல்லை. இங்கே கடைகளில் ‘வூல்’ என்று விற்பது பெரும்பாலும் அக்கிரிலிக் என்ற செயற்கை நூல்தான். பழகுவதற்கும் பள்ளிக்கூட வேலைக்கும் குழந்தைப் போர்வைக்கும் அது போதும், பூச்சியும் தொடாது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 வீதம் ஈரத்தை உறிஞ்சியும் ஈரமாகத் தெரியாது. அக்கிரிலிக் உறிஞ்சாது, வியர்வை தோலிலேயே நிற்கும். பெரிய வித்தியாசம் அதுதான். அக்கிரிலிக்கைக் கம்பளி விலைக்கு விற்றால் மட்டுமே எனக்குக் கோபம் வரும்.

உறை இல்லாத நூல் கம்பளிதானா என்று எப்படி அறிவது?

ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ச் சட்டிக்கு மேலே நெருப்புக் காட்டுங்கள். கம்பளி தயங்கி எரிந்து, நெருப்பை எடுத்ததும் தானே அணையும். மயிர் கருகிய மணம், சாம்பல் விரலில் பொடியாகும். பருத்தி காகிதம் போல எரியும். அக்கிரிலிக் உருகிச் சொட்டி, கறுத்த கல்மணியாக இறுகும். சொட்டும்போது கை சுடும், பிள்ளைகளைச் செய்ய விடாதீர்கள். கடையில் செய்யாதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கனடாவில் இருக்கும் தங்கச்சியிடம் சொல்லிவிட்டால் வாங்கி அனுப்புவாளா?

அனுப்புவாள், ‘வடிவான நூலாகப் பார்த்து வாங்கு’ என்று மட்டும் சொன்னால் நாலு நிறத்தில் நாலு சிட்டம் அனுப்புவாள். அவளுக்குப் பின்னத் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். ‘டிகே, கம்பளி, சூப்பர்வாஷ், மொத்தம் 1,300 மீற்றர், எல்லாம் ஒரே சாயம், இலைப்பச்சை, அது இல்லாவிட்டால் சாம்பல், இரண்டும் இல்லாவிட்டால் வாங்காதே.’ கடைசிச் சொற்கள்தான் முக்கியம். அவள் கடையில் நின்று படம் அனுப்பும் நேரத்தில் இங்கே இரவாக இருக்கும், நீங்கள் நித்திரை.

சிட்டத்தில் இருந்தே நேரடியாகப் பின்னலாமா?

சிக்கெடுப்பதில் ஒரு கிழமை கழிக்க ஆசை இருந்தால் பின்னலாம். இரண்டு கதிரைகளை முதுகுக்கு முதுகு வைத்து, சிட்டத்தை அதில் மாட்டிப் பந்தாகச் சுற்றுங்கள். கட்டியிருக்கும் சிறு நூல்களை மாட்டிய பின்னரே வெட்ட வேண்டும். பந்தை இறுக்கிச் சுற்றினால் நூல் இழுபட்டுவிடும். உள்ளே ஒரு விரலை வைத்துச் சுற்றி உருவிவிடுங்கள்.

கொண்டுவருவதில் சிக்கல் உண்டா?

நூலுக்குப் பாரம் இல்லை, இடம்தான் பிடிக்கும். காற்றை வெளியேற்றும் பையில் அமுக்கினால் பெட்டியில் பாதி இடம் மிஞ்சும். வந்த அன்றே வெளியே எடுத்துவிடுங்கள். ஊசிகளைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள். ஆட்டிலிருந்து வெட்டிய அழுக்குக் கம்பளியை மலிவாக மூட்டையாக விற்பார்கள், அதைத் தொடாதீர்கள். கழுவாத மிருகப் பொருள், விமான நிலையத்தில் வம்பு.

இங்கே எப்படிப் பாதுகாப்பது?

கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. அதற்கு இருட்டும் அமைதியும் பிடிக்கும், அதாவது நாங்கள் ‘பத்திரமாக’ வைக்கும் அலுமாரியின் அடித்தட்டு. பட்டு நூலையும் தின்னும், பருத்தியைத் தொடாது. வேப்பிலை போட்டால் போதாதா என்று கேட்பார்கள். வேப்பிலை வரும் பூச்சியைக் கொஞ்சம் தயங்க வைக்கலாம், உள்ளே கிடக்கும் முட்டையைக் கொல்லாது.

நான் செய்வது இது. வந்ததும் ஒவ்வொரு சிட்டத்தையும் இறுக மூடும் பொலித்தீன் பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் இரண்டு கிழமை வைக்கிறேன். மீனுக்குப் பக்கத்தில்தான், பை நன்றாக மூடியிருந்தால் மணக்காது. வெளியே எடுத்ததும் உடனே திறக்கக் கூடாது. இந்த ஊரின் ஈரக்காற்று குளிர்ந்த நூலில் தண்ணீராகப் படியும். ஒருநாள் விட்டுத் திறக்கவும். பின்னர் மாரி தொடங்க முன்னர் ஒருமுறையும் முடிந்த பின்னர் ஒருமுறையும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, உதறி, விறாந்தை நிழலில் காற்றாட விடுகிறேன். வெயிலில் வேண்டாம், நிறம் போய்விடும். பூச்சிக்குத் தன்னை யாராவது அடிக்கடி குழப்புவது பிடிக்காது.

நான் குரோஷே மட்டும்தான் பின்னுவேன். எனக்கும் அங்கே ஏதும் உண்டா?

உண்டு. ஆனால் கொக்கி ஊசி வேலை நூலைக் கூடுதலாகத் தின்னும், மேலே சொன்ன அளவுகளோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். முறுக்கு இறுக்கமான நூலாக எடுங்கள், தளர்ந்த முறுக்கில் கொக்கி இழையைப் பிளந்துவிடும். மேசை விரிப்புக்கும் யன்னல் றேந்தைக்கும் வேண்டிய வெள்ளைப் பருத்தி நூலை மட்டும் அங்கே வாங்காதீர்கள். அது இங்கேயே கிடைக்கிறது.

வாங்கிவிட்டு வருந்தியது உண்டா?

வெள்ளத்தில் மிதந்த கரடியைக் கம்பளி மூட்டை என்று நினைத்துக் குதித்தவனின் கதை தெரியும்தானே. ‘விட்டுவிட்டு வா’ என்று கரையில் நின்றவர்கள் கத்த, ‘நான் விட்டுவிட்டேன், கம்பளிதான் என்னை விடுகுதில்லை’ என்றானாம். முதல் திருவிழாவில் நான் அவன்தான். வாசலில் நுழைந்து அரை மணித்தியாலத்துக்குள் பையில் பாதியை நிரப்பிவிட்டேன். மிச்ச நாள் முழுக்க அதைவிட நல்ல நூல்களைப் பார்த்துக்கொண்டு, காசில்லாமல், பாரத்தையும் சுமந்துகொண்டு நடந்தேன்.

இப்போது முதல் சுற்றில் எதையும் வாங்குவதில்லை. சின்னக் கொப்பியில் கடையின் இடத்தையும் மீற்றரையும் விலையையும் குறித்துக்கொண்டு ஒரு முழுச் சுற்று. பிறகு ஒரு தேநீர். தேநீர் முடிந்தும் ஞாபகத்தில் நிற்கும் நூலுக்கு மட்டும் திரும்பிப் போகிறேன். அதற்குள் விற்றுப்போனவையும் உண்டு. ஒரு பச்சைநிறப் புளூஃபேஸ்ட் லெஸ்டர் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

உங்களிடம் மிஞ்சிக் கிடக்கும் நூலை விற்பீர்களா, ரீச்சர்?

இல்லை. ஹெர்ட்விக் மட்டும் வேண்டுமானால் சும்மா தருகிறேன், மூன்று சிட்டம். கால் துடைப்பான் பின்ன நல்லது.